சொட்டும் மூலையில் தோண்டாதீர்கள்

கேள்வி: ஏற்காட்டில் காப்பித் தோட்டத்தை ஒட்டி ஒரு ஹோம்ஸ்டே நடத்துகிறோம். வீட்டை வாங்கும்போதே பழைய உரிமையாளர் வெளிநாட்டிலிருந்து இறக்கிய ஹாட் டப் (வெந்நீர்க் குளியல் தொட்டி) ஒன்றும் சேர்ந்து வந்தது. ஆறு பேர் உட்காரலாம். கொஞ்ச நாளாகத் தினமும் இரண்டு அங்குலம் தண்ணீர் குறைகிறது. வலது பக்க மூலையில் அடியில் சொட்டுகிறது. பக்கப் பலகையைக் கழற்றிப் பார்த்தால் உள்ளே முழுக்க மஞ்சள் ஃபோம்; ஒரு பைப்கூடக் கண்ணில் படவில்லை. கீழே சேலத்திலிருந்து வந்த பிளம்பர், மொத்தத்தையும் வெட்டி எடுத்தால்தான் ஆகும் என்கிறார். எங்கள் டிரைவர், பெட்ரோல் ஊற்றினால் ஃபோம் கரைந்துவிடும் என்கிறார். எப்படி எடுப்பது? எடுத்தபின் திரும்ப நிரப்ப வேண்டுமா?
– ஒரு வாசகி, ஏற்காடு

பதில்: வணக்கம் அம்மா. பெட்ரோல் கேனை முதலில் தூரமாக வைக்கச் சொல்லுங்கள். டிரைவர் தம்பி தெர்மகோல் கரைவதைப் பார்த்திருப்பார். தெர்மகோலில் பெட்ரோல் பட்டால் பிசுபிசுவென்று கரைந்துபோகும், அது உண்மை. உங்கள் டப்பில் இருப்பது வேறு ரகம். அது பாலியூரித்தேன், ஃப்ரிட்ஜ் வேலை, கோல்ட் ஸ்டோரேஜ் வேலை செய்கிறவர்கள் ‘பஃப்’ என்பார்களே, அது. இறுகிப்போன பஃப்பை பெட்ரோல் கரைக்காது. தின்னர், அசிட்டோன் ஊற்றினாலும் அது கரையாது. ஆனால் அந்த வழியில் இருக்கும் பிவிசி பைப்பையும் அக்ரிலிக் தொட்டியையும் அவை அரித்துவிடும். பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனம் என்பதால் பெட்டியின் அடியில் போய்த் தங்கும். பம்பும் மின்சார வயரும் அங்கேதான் இருக்கின்றன. ஹீட் கன், கேஸ் டார்ச் வைத்து உருக்கலாம் என்று இன்னொருவர் வருவார். அதற்கும் சம்மதிக்காதீர்கள். பஃப் எரிந்தால் கார்பன் மோனாக்சைடும் ஹைட்ரஜன் சயனைடும் வரும். மூடிய இடத்தில் அந்தப் புகையை உள்ளிழுத்தால் உயிருக்கே ஆபத்து. இந்த ஃபோமைக் கையால்தான் எடுக்க வேண்டும். வேறு குறுக்கு வழி இல்லை.

பிளம்பர் சொல்வதிலும் எனக்கு உடன்பாடு இல்லை. அந்த ஃபோம் வெறும் குளிர் தாங்கி மட்டும் அல்ல. பல மாடல்களில் பைப்புகளை அசையாமல் பிடித்துக்கொண்டிருப்பதும், உட்காரும் படிகளுக்கு அடியில் முட்டுக் கொடுத்திருப்பதும் அதுதான். ஆறு பேர் டப் என்றால் தண்ணீரே ஆயிரம் லிட்டருக்கு மேல் பிடிக்கும். அதாவது ஒரு டன்னுக்கு மேல் பாரம். ஆட்கள் உட்கார்ந்தால் இன்னும் நானூறு கிலோ. அடி ஃபோமை மொத்தமாகச் சுரண்டிவிட்டால் அந்தப் பாரத்தில் தொட்டி இறங்கி விரிசல் விடும். பிடிப்பு இல்லாத பைப்புகள் பம்ப் ஓடும்போது அதிர்ந்து, நன்றாக இருக்கும் ஜாயின்ட்டுகளும் விட்டுப்போகும். ஒரு கசிவைத் தேடப் போய் நான்கு கசிவோடு திரும்புகிற வேலை அது. நமக்கு வேண்டியது ஒரு ஜன்னல் அளவு திறப்பு. அதைச் சரியான இடத்தில் போட வேண்டும்.

அந்த இடம், தண்ணீர் சொட்டுகிற வலது மூலையாக இருக்க வேண்டிய அவசியமே இல்லை. பஃப்பின் உள்ளே தண்ணீர் நேராகக் கீழே இறங்காது. தொட்டிச் சுவருக்கும் ஃபோமுக்கும் நடுவிலுள்ள இடுக்கு, பைப்பின் முதுகு, ஃபோம் அடிக்கும்போது விழுந்த பொந்து என்று வழி கிடைத்த பக்கமெல்லாம் ஓடி, அடித்தட்டுக்கு வந்து, தரை எந்தப் பக்கம் சரிந்திருக்கிறதோ அந்த மூலையில் சொட்டும். டப்பின் மேல் ஓரத்தில் ஒரு ரசமட்டத்தை வைத்துப் பாருங்கள். மட்டம் வலது பக்கம் தாழ்ந்திருந்தால், சொட்டு அங்கே வருவதற்கு அதுவே காரணம். கசிவு எதிர்ப்பக்கத்திலும் இருக்கலாம்.

அதனால் ஃபோமில் கை வைக்கும் முன்பு இரண்டு மூன்று நாள் தண்ணீரையே கேட்டுப் பாருங்கள். இதைத்தான் நான் யாரிடமும் விடாமல் வற்புறுத்துவது. தோண்டுகிற நேரத்தில் முக்கால்வாசியை இது மிச்சப்படுத்தும்.

முதலில் பம்பும் ஹீட்டரும் இருக்கும் பெட்டிப் பக்கம். அங்கே பெரும்பாலும் ஃபோம் இருக்காது. ஹாட் டப் கசிவுகளில் நிறைய இந்த இடத்திலேயே பிடிபட்டுவிடும். ஹீட்டரின் இரு முனையிலும் கையால் திருகும் யூனியன் என்ற இணைப்பு இருக்கும். அதற்குள் இருக்கும் ஓ-ரிங் என்ற ரப்பர் வளையம் காய்ந்து தட்டையாகியிருக்கும். பம்பின் மோட்டாரும் தண்ணீர் பாகமும் சேருகிற இடத்துக்கு நேர் கீழே வெள்ளையாக உப்புப் பூத்திருந்தால், பம்ப் சீல் போய்விட்டது என்று அர்த்தம். போர் தண்ணீர் ஊற்றுகிற டப்பில் இந்த வெள்ளைத் தடம் நல்ல சாட்சி. கசிவு உலர்ந்துபோனாலும் தடம் நிற்கும். இங்கே விஷயம் முடிந்தால் ஃபோமைத் தொடவே வேண்டாம்.

இல்லையென்றால், தண்ணீர் மட்டத்தில் ஒரு துண்டு டேப் ஒட்டி, மூடியைப் போட்டு, ஒரு நாள் முழுக்கப் பம்பை நிறுத்தி வையுங்கள். மறுநாள் அதே அளவு தண்ணீரோடு பம்பை ஓடவிட்டுப் பாருங்கள். ஓடும்போது மட்டும் குறைந்தால், பம்பிலிருந்து ஜெட்டுகளுக்கு (தொட்டிக்குள் தண்ணீரைப் பீய்ச்சும் வாய்கள்) போகும் அழுத்தப் பக்கத்தில் கசிவு. ஓடினாலும் நின்றாலும் ஒரே மாதிரி குறைந்தால், தொட்டியோடு சேரும் இடங்கள்: ஜெட்டின் கேஸ்கெட், லைட், அடியில் உள்ள உறிஞ்சு வாய் ஆகியவற்றைச் சந்தேகப்படலாம். ஜெட்டுகளுக்குக் காற்று விடும் திருகை மூடிய பிறகும் தண்ணீரில் நுரை நுரையாகக் காற்று வந்தால், பம்புக்கு முன்னால் உள்ள பைப்பில் எங்கோ காற்று இழுக்கிறது.

அப்புறம் பம்பை நிறுத்தி, தண்ணீரை நிரப்பாமல் அதன் போக்கில் இறங்க விடுங்கள். (ஹீட்டரையும் சேர்த்து மெயினிலேயே அணைத்திருக்க வேண்டும், தண்ணீர் இல்லாமல் ஹீட்டர் ஓடினால் அதுவும் போகும்.) இறங்கிக்கொண்டே வந்த தண்ணீர் ஓரிடத்தில் நின்றுவிட்டால், கசிவு அந்த உயரத்தில்தான். அந்த மட்டத்தில் என்னென்ன இருக்கிறது என்று டப்பின் உள்ளே சுற்றிப் பாருங்கள்; பெரும்பாலும் இரண்டு மூன்று ஜெட்டுகளோ ஒரு லைட்டோதான் இருக்கும். அதன் பிறகு தண்ணீரை அந்த ஜெட்டுகளுக்கு மேல் நிரப்பி, அலை அடங்கியதும், கொஞ்சம் கேசரி பவுடரைக் கரைத்து ஊசி இல்லாத சிரிஞ்சில் எடுத்து, ஒவ்வொரு ஜெட்டின் விளிம்பிலும் மெதுவாக விடுங்கள். நிறம் அப்படியே மிதந்து பரவினால் அங்கே குறை இல்லை. நூல் பிடித்தாற்போல விளிம்புக்குள் இழுக்கப்பட்டால் ஆளைப் பிடித்துவிட்டீர்கள்.

இரண்டு அங்குலம் என்பது சாதாரணமாக விட்டுவிடக்கூடிய அளவு இல்லை. உள்ளளவு ஆறடிக்கு ஆறடி என்று வைத்தால் ஒரு அங்குலம் சுமார் 85 லிட்டர். உங்களுக்குத் தினமும் 170 லிட்டர் போகிறது. அத்தனை புதுத் தண்ணீரை 20 டிகிரியிலிருந்து 38 டிகிரிக்குக் கொண்டுவர மூன்றரை யூனிட் கரண்ட் தனியாக ஆகும். கோடையில் மலைமேல் தண்ணீருக்கு எவ்வளவு பாடு என்பது உங்களுக்கே தெரியும். ஆகவே தள்ளிப்போடாமல் செய்யுங்கள்.

இடம் தெரிந்துவிட்டது, இனி ஃபோம். டப்பின் பட்டனில் அணைத்தால் போதாது. வீட்டு போர்டில் அதற்கென்று உள்ள எம்சிபியை இறக்கி, போர்டைப் பூட்டிச் சாவியைத் தோண்டுகிறவர் பையில் வைத்துக்கொள்ள வேண்டும். ஹோம்ஸ்டேயில் ஆட்கள் வந்துபோகிற இடம். யாராவது விளக்கு எரியவில்லை என்று சுவிட்சைத் தூக்கிவிடுவார்கள். ஈர ஃபோம் வயரைச் சுற்றி அப்பியிருக்கும், தரையும் ஈரம். அந்த லைனில் 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி (கரண்ட் கசிந்தால் தானே லைனைத் துண்டிக்கும் சுவிட்ச்) இல்லையென்றால், இந்த வேலையோடு சேர்த்து அதையும் போட்டுவிடுங்கள். விருந்தினர் இறங்குகிற தண்ணீருக்கு அது கட்டாயம்.

கைக்கு ரப்பர் கிளவுஸ், முகத்துக்கு மாஸ்க், கண்ணுக்குக் கண்ணாடி. கிளவுஸை வற்புறுத்துவதற்கு இன்னொரு காரணம் உண்டு. தோட்டத்து எலிகளுக்குக் குளிர்காலத்தில் இதைவிட வெதுவெதுப்பான இடம் கிடையாது. ஃபோமைக் குடைந்து கூடு கட்டும், போகிற போக்கில் வளையும் ஹோஸையும் கடித்துவைக்கும். கசிவுக்கே எலிப்பல் காரணமாக இருந்து பார்த்திருக்கிறேன். எலி மூத்திரம் பட்ட ஈரத்தில் வெறுங்கையை விட்டால் எலிக்காய்ச்சல் வர வாய்ப்பு உண்டு. கையில் கீறல் இருப்பவர்கள் இந்த வேலைக்கு வேண்டாம்.

எங்கே தோண்டுவது என்பதை உள்ளிருந்து அளந்து வெளியே குறியுங்கள். டப்பின் மேல் விளிம்பிலிருந்து சந்தேகப்பட்ட ஜெட் எத்தனை அங்குலம் கீழே, மூலையிலிருந்து எத்தனை அங்குலம் தள்ளி என்று அளந்து, அதே அளவை வெளிப்பக்கம் ஃபோமின் மேல் மார்க்கரால் போடுங்கள். அதைச் சுற்றி ஒன்றரை அடிக்கு ஒன்றரை அடி ஒரு கட்டம். ஆரம்பிப்பதற்கு முன் ஒரு போட்டோ.

ஆங்கிள் கிரைண்டர், ரம்பம், உளி, கடப்பாரை எதுவும் அந்தப் பக்கமே வரக்கூடாது. மேல் தோலுக்கு மட்டும் பல் வைத்த பிரெட் கத்தி. அதிலும் நுனியிலிருந்து ஒரு விரல் நீளத்தில் இன்சுலேஷன் டேப்பைச் சுற்றிவிடுங்கள். டேப் ஃபோமைத் தொட்டால் அதற்குமேல் கத்தி போகக்கூடாது. கட்டத்துக்குள் குறுக்கும் நெடுக்கும் கீறி, துண்டுதுண்டாகப் பெயர்த்தெடுங்கள். அந்த அடுக்கு போனதும் கத்தியைக் கீழே வைத்துவிட வேண்டும். அதற்குப் பிறகு மூங்கில் பட்டைதான். தோட்டத்தில் கிடைக்கிற மூங்கிலை ஒரு முழ நீளத்துக்குப் பிளந்து, முனையைத் தட்டையாகவும் மழுங்கலாகவும் சீவிக்கொள்ளுங்கள். பெயின்டர் பட்டி பார்க்கும் பிளாஸ்டிக் தகடும் நல்லது. பட்டையைக் குத்தி, லேசாகத் திருகினால் ஃபோம் மொறுமொறுவென்று உடைந்து வரும். பிவிசியில் மூங்கில் முட்டினால் வழுக்கிக்கொண்டு போகும், துளைக்காது. முட்டுகிற சத்தமே மாறும். இரண்டு தடவை கேட்டால் கைக்குப் பழகிவிடும்.

பைப் தட்டுப்பட்டதும் அதன் நீளத்தோடு போங்கள், குறுக்கே போகாதீர்கள். ஜெட்டின் பின்பக்கம் தொட்டியிலிருந்து ஒரு சாண் வரை நீட்டிக்கொண்டிருக்கலாம். அதில் ஒரு வாய் தண்ணீருக்கு, ஒரு வாய் காற்றுக்கு. காற்று ஹோஸ் மெல்லியது, சட்டென்று உருவிக்கொண்டு வந்துவிடும். இந்த ஹோஸ்கள் பலவும் போய்ச் சேர்கிற இடத்தில், மாட்டு மடிபோல வரிசையாகக் காம்பு வைத்த ஒரு பிவிசி உருளை இருக்கும். மேனிஃபோல்டு என்பது அதுதான். ஒவ்வொரு காம்பிலும் ஒரு ஹோஸ் மாட்டிக் கிளாம்ப் போட்டிருப்பார்கள். கிளாம்ப் துருப்பிடித்து விட்டிருப்பது, உருளையின் மூடி ஒட்டு பிரிந்திருப்பது, காம்பு வேரோடு வெடித்திருப்பது ஆகிய மூன்றும்தான் உள்ளே வழக்கமாகப் பார்க்கிற குறைகள். வெப்ப சென்சார் வயர், லைட் வயர் ஆகியவையும் ஃபோமுக்குள்ளேயே புதைந்திருக்கும் என்பதை மறக்க வேண்டாம்.

தோண்டும்போது ஒவ்வொரு துண்டையும் கையில் எடுத்துப் பாருங்கள். காய்ந்த பஃப் வெளிர் மஞ்சளாக, காற்றுப்போல லேசாக இருக்கும். தண்ணீர் நின்ற இடத்துத் துண்டு கருத்து, கனமாக, அழுத்தினால் ஈரம் பிதுங்கி வரும். குளோரின் வாடையும் இருக்கும். தண்ணீர் மேலிருந்து கீழேதான் வரும் என்பதால், ஈரத்தைப் பிடித்துக்கொண்டு மேல்நோக்கிப் போக வேண்டும். ஈரத் துண்டும் காய்ந்த துண்டும் சந்திக்கிற மிக உயரமான புள்ளிக்குப் பக்கத்தில்தான் ஓட்டை. அழுத்தப் பக்கத்துக் கசிவு மேல்நோக்கிப் பீய்ச்சவும் கூடும், ஆகவே அந்தப் புள்ளியைச் சுற்றி ஒரு சாண் நன்றாகத் துடைத்துவிட்டு, எல்லோரையும் தள்ளி நிற்கச் சொல்லி, பம்பை ஒரு நிமிஷம் ஓடவிட்டு டார்ச் அடித்துப் பாருங்கள். பார்த்ததும் மெயினை மறுபடி அணைத்துப் பூட்டிவிட வேண்டும்.

பக்கவாட்டு ஃபோமைத் தண்ணீர் இருக்கும்போதே எடுக்கலாம். உட்காரும் படிக்கு அடியிலோ, கால் வைக்கும் குழிக்கு அடியிலோ கை போக வேண்டியிருந்தால் முழுத் தண்ணீரையும் இறக்கிய பிறகுதான். இறக்கும் தண்ணீரைக் காப்பிச் செடிக்கு உடனே விடாதீர்கள். குளோரின் போடுவதை நிறுத்தி, மூடியைத் திறந்து சில நாள் வெயிலில் விட்டு, டெஸ்ட் ஸ்ட்ரிப்பில் குளோரின் இல்லை என்று காட்டிய பிறகு விடுங்கள். தண்ணீரை இறக்கிய பிறகு நிலைமை நேர் எதிர்: காலித் தொட்டியின் மேல் நேர் வெயில் படவே கூடாது. ஃபோம் சூட்டை வெளியே விடாததால் அக்ரிலிக் கொதித்துக் கொப்புளம் விடும். தார்ப்பாய் கட்டி நிழல் போடுங்கள்.

ரிப்பேருக்குப் பைப் வாங்கும்போது ஒரு விஷயத்தில் பலர் ஏமாந்துபோகிறார்கள். நம் பக்கத்துக் கடைகளில் ‘ரெண்டு இன்ச்’ என்று கேட்டால் பெரும்பாலும் விவசாய பிவிசி பைப்பைத்தான் எடுத்துத் தருவார்கள். அதன் வெளி விட்டம் 63 மில்லிமீட்டர். உங்களுடையது அமெரிக்க அளவில் செய்த டப் என்றால் அதன் இரண்டு இன்ச் பைப் 60.3 மில்லிமீட்டர். ஒன்றரை இன்ச்சும் அப்படித்தான்: இங்கே 50, அங்கே 48.3. அந்த வித்தியாசத்தைப் பசையை அப்பி நிரப்ப முடியாது. வெர்னியர் காலிப்பரால் அளந்துகொண்டு போய், வீட்டு பிளம்பிங்குக்கு வரும் ஷெட்யூல் 40 அல்லது 80 யுபிவிசி ஃபிட்டிங்கைக் கேளுங்கள். அது அமெரிக்க அளவிலேயே வருகிறது. ஐரோப்பிய டப் என்றால் நம் மெட்ரிக் ஃபிட்டிங்கே பொருந்தலாம். எதுவானாலும் அளக்காமல் மலையை விட்டு இறங்காதீர்கள். இருபது கொண்டை ஊசி வளைவு இறங்கி, தப்பான கப்ளரை வாங்கிக்கொண்டு மறுபடி ஏறுவது வீண்.

ஓட்டையின் மேல் எம்சீல் அப்பிவிட்டுப் போவதை ஏற்காதீர்கள். சூடும் அதிர்வும் சேர்ந்த இடத்தில் அது நிற்காது. குறையுள்ள துண்டை வெட்டி எடுத்து, இரு முனையையும் உப்புத்தாளால் தேய்த்து, துடைத்து, உலர வைத்து, புதுத் துண்டைச் சால்வென்ட் சிமென்ட் போட்டு ஒட்ட வேண்டும். ஹோஸ் வளையும் ரகம் என்றால் அதற்கேற்ற சிமென்ட்டைக் கேட்டு வாங்குங்கள். ஏற்காட்டுக் குளிருக்கும் பனிக்கும் பசை மெதுவாகத்தான் இறுகும். முழுசாக ஒரு நாள், மழைக் காலமென்றால் இரண்டு நாள் விட்டுத்தான் தண்ணீர் ஏற்ற வேண்டும். டப்பில் ஊற்றினால் தானே ஓட்டையை அடைக்கும் திரவம் ஒன்று விற்கிறார்கள். ஊசி முனை அளவுக் கசிவுக்கு அது தற்காலிகமாக உதவும். தினம் இரண்டு அங்குலம் போகிற இடத்தில் அதற்குச் செலவு செய்யாதீர்கள்.

திரும்ப நிரப்ப வேண்டுமா என்றால், ஆம், ஆனால் உடனே வேண்டாம். ஒரு வாரம் திறந்தே வைத்து, பம்ப் ஓட ஓட டேப் குறியைப் பாருங்கள். பக்கத்து ஜாயின்ட் ஒன்று விடுவதாக இருந்தால் அதற்குள் விட்டுவிடும். குறி அசையவில்லை என்றால் ஈர ஃபோம் முழுக்கக் காய்ந்ததா பாருங்கள். காயாததைப் பிய்த்து எறியுங்கள். அந்த ஜன்னலில் மறுபடி பஃப் அடிக்க நான் சொல்ல மாட்டேன். கதவு நிலை வைக்கும்போது அடிக்கிற கேன் ஃபோம் காற்றின் ஈரத்தை வாங்கி இறுகுகிற ரகம். ஆழமான குழியில் ஒரே தடவையாக அடித்தால் உள்ளே வெகுநாள் பச்சையாகவே கிடக்கும். இரண்டு திரவம் கலக்கிற ரகமும் அடுக்கடுக்காக ஊற்றத் தெரிந்தவர் கையில்தான் சரிவரும். மொத்தமாக ஊற்றினால் அதன் சூடே அதிகமாகிவிடும். பைப்புக்கு இரண்டு இடத்தில் கிளாம்ப் போட்டுத் தாங்கல் கொடுங்கள். பிறகு ஏசி பைப்புக்குச் சுற்றுகிற கருப்பு நைட்ரைல் ஷீட்டை ஜன்னல் அளவுக்கு வெட்டி, நான்கைந்து அடுக்கு செருகி, மேலே பலகையைப் போட்டுவிடுங்கள். குளிர் தாங்கும், அடுத்த தடவை நிமிஷத்தில் உருவிவிடலாம். பம்ப் மோட்டாரின் காற்று வழியை மட்டும் அடைக்காதீர்கள். எடுத்த ஃபோம் தூளை வாக்யூமில் இழுத்துச் சாக்கில் கட்டி, கீழே குப்பைக்கு அனுப்புங்கள். தோட்டத்தில் எரிக்கவும் வேண்டாம், ஓடையோரம் கொட்டவும் வேண்டாம். காட்டுமாடுகள் மேய்கிற இடம்.

இதெல்லாம் பக்கவாட்டில் கசிவு இருந்தால். சோதனையில் தண்ணீர் மட்டம் எங்கேயும் நிற்காமல் கால் குழி வரைக்கும் இறங்கிவிட்டால், குறை அடியில் இருக்கிறது. அதற்கு டப்பைக் காலி செய்து, வயரைக் கழற்றி, ஒரு பக்கமாகச் சாய்க்க வேண்டும். காலி டப்பே சில நூறு கிலோ இருக்கும். தோட்டத்து ஆட்கள் நான்கு பேரை வைத்துத் தூக்கிப் பார்க்காதீர்கள். மட்டம் நின்ற உயரம், ஜெட்டுகள் இருக்கும் இடம், பம்ப் பெட்டி, இந்த மூன்றையும் படமெடுத்து எழுதுங்கள். எந்தப் பக்கம் சாய்ப்பது என்று பார்த்துச் சொல்கிறேன்.